வன்னியில் வயது போனவர்களைப் பார்ப்பது யார் செலவில்?

இந்த இதழில் சம்பளத்தைப் பற்றி எழுதாமல் வயது போனவர்களைப் பற்றி எழுதுகிறோம். அதிலும் வன்னியில் இருப்பவர்களைப் பற்றி. தோட்டத் தொழிலாளர் சங்கப் பத்திரிகைக்கு வன்னியில் என்ன வேலை என்று இளையவர்கள் கேட்கக்கூடும். லயத்தில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1973, 1974 பஞ்சத்தில் போனவர்கள், 1977 வன்செயலில் போனவர்கள், 1983இல் உடுத்த உடையோடு போனவர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒருவர் இருப்பார். கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம், தருமபுரம் என்றும், வவுனியா, முல்லைத்தீவுக் காட்டோரங்களிலும் குடியேறியவர்களில் கணிசமானோர் நம்மவர்கள். எஸ்.ஏ. டேவிட்டும் டாக்டர் ராஜசுந்தரமும் வவுனியாவில் நடத்திய காந்தீயம் இயக்கம் அவர்களில் பலருக்குக் காணி காட்டியது, கிணறு வெட்டியது. அதற்காக அவ்விருவரும் சிறைக்குப் போனார்கள். ராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

1977இல் இருபத்தைந்து வயதில் பெட்டி தூக்கிக்கொண்டு போனவருக்கு இன்று எழுபத்து நான்கு வயது. காடு வெட்டினார், கூலிக்கு நெல் அறுத்தார், 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார், மெனிக் பாம் முகாமில் இருந்தார், திரும்பி வந்து தகரக் கொட்டிலில் மறுபடி தொடங்கினார். பிள்ளைகளில் ஒருவர் போரில் போய்விட்டார், ஒருவர் கட்டாரில், இன்னொருவர் கொழும்பில் கடையில். மகள் பக்கத்தில் இருந்தாலும் அவள் காலையில் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். இவரைக் குளிப்பாட்டுவது யார்? மருந்து எடுத்துக் கொடுப்பது யார்? போரில் கால் இழந்தவருக்கும், முள்ளந்தண்டில் காயம்பட்டுப் படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கும் இதே கேள்விதான். அவர்களில் பலர் நாற்பது வயதையே இப்போதுதான் கடக்கிறார்கள்.

இதற்கு ஒரு பதில் சொல்லப்படுகிறது. உள்ளூராட்சி சபைகள் மக்களிடம் வரி வாங்குகின்றன, அதில் கொஞ்சம் கூட்டி வாங்கி, ஊருக்கு ஊர் பராமரிப்பாளரை வைத்தால் என்ன என்பது அந்தப் பதில். நம் உறுப்பினர்களிலும் இதைக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நல்ல கேள்வி. சபை ஊருக்குள் இருக்கிறது, உறுப்பினரை வீதியில் மறித்துக் கேட்கலாம், கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. நூலகமும் முன்பள்ளியும் ஆயுர்வேத மருந்தகமும் நடத்துகிற பிரதேச சபைகள் இந்த நாட்டில் இருக்கின்றன. ஆயுர்வேத வைத்தியரை வைக்க முடிந்தால், வீடு வீடாகப் போய் முதியவரைப் பார்க்க ஒருவரை ஏன் வைக்க முடியாது? வேலையைச் சபை செய்யட்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. பணத்தையும் சபையே ஊரில் திரட்டட்டும் என்பதைத்தான் நாம் ஏற்கவில்லை. ஏன் என்று கணக்கோடு சொல்கிறோம்.

முந்நூறு வீடுள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். பராமரிப்பாளர் ஒருவருக்குச் சட்டப்படியான ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. வேலை கொடுப்பவர் கட்ட வேண்டிய ஈ.பி.எப். நூற்றுக்கு 12, ஈ.டி.எப். நூற்றுக்கு 3. சேர்த்தால் 34,500 ரூபா. வருடத்துக்கு 4,14,000 ரூபா. முந்நூறு வீடும் பங்கு போட்டால் ஒரு வீட்டுக்கு மாதம் 115 ரூபா. அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த ஊரில் உதவி இல்லாமல் எழும்ப முடியாதவர்கள் இருபது பேர் இருந்தால், ஒரு நாளைக்கு நான்கு வீட்டுக்கு மேல் ஒருவரால் போக முடியாது. ஐந்து நாளைக்கு ஒரு முறை குளிப்பாட்டுவதைப் பராமரிப்பு என்று சொல்ல முடியுமா? குறைந்தது மூன்று பேர் வேண்டும். அப்போது வீட்டுக்கு மாதம் 345 ரூபா. சைக்கிள், கையுறை, மருந்துப் பெட்டி, லீவு நாளுக்கு மாற்று ஆள் எதுவும் இதில் சேரவில்லை. அஸ்வெசும பணத்தில் அரிசி வாங்கும் குடும்பத்திடம் போய் இந்த 345 ரூபாவைக் கேட்பதா?

கேட்டாலும் வராது. சபைக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆதனவரி, ஏக்கர் வரி, கடை உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, பிறகு மாகாணம் வழியாக வந்து சேரும் முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும். ஆதனவரி கட்டடம் நெருங்கிய, அபிவிருத்தியடைந்த இடம் என்று அறிவித்த பகுதிகளில்தான் விதிக்கப்படும். கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று மூன்று பிரதேச சபைகள். கிளிநொச்சி நகரமே கரைச்சிக்குள் வருகிறது. ஏ9 வீதியோரக் கடைத்தெரு கரைச்சிக்கு வருமானம் கொடுக்கும். பூநகரிக்கு அப்படி என்ன இருக்கிறது? முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என்று நான்கு சபைகள். மாவட்டத்தின் பெரும்பகுதி காடு. காட்டிலிருந்து ஆதனவரி வராது. முத்திரை வரி காணி கைமாறும்போது வருவது. உறுதி இல்லாமல் பெர்மிட்டில் இருக்கும் காணியை விற்கவே முடியாது, பிறகு முத்திரை வரி எப்படி வரும்? வவுனியா நகரம் மட்டும் இப்போது மாநகர சபை. அதன் எல்லையைத் தாண்டிச் செட்டிகுளம் பக்கம் போனால் பழைய கதைதான்.

போர் அதிகம் அழித்த ஊரில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் அதிகம். அதே ஊரில்தான் கடை குறைவு, கல்வீடு குறைவு, காணி உறுதி குறைவு. வரியை நம்பினால் தேவை கூடின இடத்துக்குப் பணம் குறைவாகவும், தேவை குறைந்த இடத்துக்குப் பணம் அதிகமாகவும் போகும்.

இது நம் கற்பனை இல்லை. இங்கிலாந்தில் நடந்தது. லண்டனில் இருக்கும் நம் உறவுக்காரர்களிடம் கவுன்சில் வரிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். வயது வந்தோர் சமூகப் பராமரிப்புக்கு என்று அதில் தனியாக ஒரு வரி இருக்கும். 2016 ஏப்ரலில் தொடங்கியது. மத்திய அரசு சபைகளுக்குக் கொடுத்த மானியத்தை வருடக்கணக்காக வெட்டியது. பிறகு, வேண்டுமானால் நூற்றுக்கு இரண்டு வரை கூட்டி நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தது. பெரிய வீடுகள் நிறைந்த சபைக்கு அந்த இரண்டு வீதம் பெரிய தொகை. மூடிய சுரங்கமும் மூடிய ஆலையும் உள்ள ஊர்ச் சபைக்கு அது சில்லறை. முதியவர்களும் நோயாளிகளும் அதிகம் இருந்தது இரண்டாவது வகை ஊரில். கடைசியில் மத்திய அரசே மறுபடி மானியம் கொடுக்க வேண்டி வந்தது. பணக்கார நாட்டிலேயே அப்படி என்றால் மாந்தை கிழக்கில் எப்படி இருக்கும்?

நம் நாட்டிலும் இதைப் போல ஒன்று நடந்திருக்கிறது, பலருக்கு மறந்துபோனது. 1939இல் ஏழைகள் நிவாரணச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஏழைகளையும் இயலாதவர்களையும் உள்ளூர் நிதியில் பார்ப்பது சபையின் கடமை என்றது அது. நடைமுறைக்கு வந்தது கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகர சபைகளில் மட்டும். வரி வாங்கக்கூடிய ஊர்கள் அவை. மற்ற இடங்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 1948இல் சமூக சேவைத் திணைக்களம் தொடங்கப்பட்டது. எண்பது வருடத்துக்கு முன் தெரிந்துகொண்ட பாடத்தைப் புதிதாகப் படிக்கத் தேவையில்லை.

சபை வழியாகவே நன்றாக நடக்கும் இடங்களும் உண்டு. கேரளத்தில் 2008இல் மாநில அரசு வலிதணிப்புப் பராமரிப்புக்கு ஒரு கொள்கை வகுத்தது. அதன்படி பஞ்சாயத்துகள் தாதியரை வைத்துப் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கு அனுப்புகின்றன. ஊர்த் தொண்டர்கள் கூடவே போகிறார்கள். பஞ்சாயத்தின் பணம் என்று சொன்னாலும், அதில் பெரும்பங்கு மாநிலம் தன் திட்ட நிதியிலிருந்து பஞ்சாயத்துகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. யப்பானில் 2000ஆம் ஆண்டிலிருந்து முதியோர் பராமரிப்புக் காப்புறுதியை நடத்துவது ஊர்ச் சபைதான். செலவில் பாதி நாற்பது வயதைத் தாண்டியோர் கட்டும் சந்தா. மற்றப் பாதி வரிப்பணம். அந்த வரிப்பணத்தில் மத்திய அரசின் பங்கு மொத்தச் செலவில் நூற்றுக்கு 25, மாகாணத்தின் பங்கு 12.5, ஊர்ச் சபையின் பங்கு 12.5. எட்டில் ஒன்றுதான் சபையின் தலையில்.

நாம் கேட்பதும் அந்த வழிதான். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் சமூக சேவையும் புனர்வாழ்வும் மாகாண சபைப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே இது வட மாகாணத்தின் பொறுப்பு. அந்த மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பின்னர் தேர்தல் இல்லாமல் ஆளுநரின் கையில் நிர்வாகம். பிரதேச சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை உறுப்பினர் இல்லாமல் செயலாளரின் கீழ் கிடந்தன. கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் வரி கூட்டுவது என்ன நியாயம் என்றும் கேட்கத் தோன்றுகிறது. கொழும்பு மாகாணத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பராமரிப்புக்கு ஒரு தனிப் பங்கு வேண்டும். அதைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்காமல், ஒவ்வொரு சபை எல்லைக்குள்ளும் உதவி தேவைப்படுவோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பிரிக்க வேண்டும். சபை தன் பங்காக ஒரு சிறு தொகை போடட்டும். ஏ9 வீதிப் பெரிய கடைகளிடமும் விடுதிகளிடமும் அதைக் கூட்டி வாங்கட்டும். தகரக் கொட்டிலிடம் வேண்டாம்.

அரசாங்கம் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். வருமானம் குறைந்த முதியோருக்கான உதவிப்பணம் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவானது. மாற்றுத்திறனாளிக்கான கொடுப்பனவு 7,500இலிருந்து 10,000 ஆனது. நல்லது. ஆனால் 5,000 ரூபா நோட்டு யாரையும் தூக்கி உட்கார வைக்காது. 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்கிறது. பார்க்கத்தான் செய்கிறார்கள், தோழர்களே. பார்ப்பதற்காக மகள் வேலையை விடுகிறாள், மருமகள் நாள் கூலியை இழக்கிறாள். அந்தக் கூலி இழப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

நமக்கு இது விளங்க வேண்டிய விஷயம். பிள்ளைக் காம்பராவில் குழந்தையைப் பார்க்கும் ஆயாவுக்குச் சம்பளம் உண்டு, ஏனென்றால் அது வேலை என்று நாம் சண்டை போட்டு ஏற்க வைத்தோம். குழந்தையைப் பார்ப்பது வேலை என்றால் கிழவியைப் பார்ப்பதும் வேலைதான். பராமரிப்புத் திட்டம் வரும்போது "தொண்டர்", "ஊக்குவிப்புப் பணம்" என்ற பேரில் கிராமத்துப் பெண்களை 8,000க்கும் 10,000க்கும் பிடித்துவிடப் பார்ப்பார்கள். முன்பள்ளி ஆசிரியைகளுக்கு அப்படித்தான் செய்தார்கள். ஈ.பி.எப். இல்லாத, நியமனக் கடிதம் இல்லாத எந்தத் திட்டத்தையும் நாம் ஆதரிக்கக் கூடாது.

தோட்டத்துக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டக் குடியிருப்புக்குள் வராமல் முப்பது வருடம் தடுத்தது. 2018 திருத்தம் அந்தக் கதவைத் திறந்தது. இனி வன்னியில் எழும் கேள்வி நுவரெலியாவிலும் பதுளையிலும் எழும். "சேவை வேண்டும் என்றால் லய வீட்டுக்கும் வரி கட்டு" என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அப்போது ஏக்கர் வரியைப் பற்றிக் கேளுங்கள். ஆயிரக்கணக்கான ஏக்கரில் தேயிலை எடுக்கும் கம்பனி சபைக்குக் கட்டும் ஏக்கர் வரி, ஒரு சில்லறைக் கடை கட்டும் உரிமக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் கேலிக்குரியது. அந்த மண்ணில் முப்பது, நாற்பது வருடம் கொழுந்து பறித்து முதுகு வளைந்தவரைப் பார்க்கும் செலவில் முதல் பங்கு அந்த மண்ணிலிருந்து வர வேண்டும். வரித் தொகையை உயர்த்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அது பாராளுமன்றத்தின் வேலை. நம் வாக்கில் போனவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நம் தோட்டங்களிலும் வன்னிக் கிராமங்களிலும் மரண உதவிச் சங்கம் இல்லாத இடம் குறைவு. மாதம் ஐம்பதோ நூறோ போட்டு, சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் கொடுக்கிறோம். கோயில் திருவிழாவுக்கும் வீட்டு வரி போடுகிறோம். கட்டாதவர் அபூர்வம். ஆகவே நம் சனம் வரி கட்ட மறுக்கும் சனம் இல்லை. சாவுக்குச் சங்கம் வைத்திருக்கும் நாம், சாவுக்கு முந்திய பத்து வருடத்துக்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை என்பதும் உண்மை. அந்தச் சங்கங்களின் பதிவேடுகளில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற விபரம் ஏற்கெனவே இருக்கிறது. எந்தத் திணைக்களத்திடமும் அவ்வளவு சரியான பட்டியல் இருக்குமா தெரியாது.

பிரதேச சபைகள் அடுத்த வருடத்துக்கான வரவுசெலவுத் திட்டத்தை வருட முடிவில் முன்வைக்கும். அதற்கு முன், ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் பிரிவில் உதவியில்லாமல் எழும்ப முடியாதவர்கள் எத்தனை பேர், அவர்களைப் பார்ப்பது யார், அதற்காக மாதம் எத்தனை பேர் போகிறது என்ற மூன்று விபரத்தையும் வீடு வீடாக எழுதி, ஒரு பிரதியைத் தங்கள் சபைச் செயலாளரிடமும் மறு பிரதியைச் சங்கக் காரியாலயத்திலும் ஒப்படைக்க வேண்டும். நோயாளியின் பெயர் எழுத வேண்டாம், வீட்டு இலக்கம் போதும். வன்னியில் சொந்தக்காரர் உள்ளவர்கள் இதே மூன்று கேள்வியை அங்குள்ள மரண உதவிச் சங்கத் தலைவருக்கும் அனுப்புங்கள். கரைச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் செட்டிகுளத்திலும் அந்தப் பட்டியல் சபை மேசைக்குப் போகட்டும். எழுதும் படிவம் இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.