எலி முதலில் யாருடைய வலையை அறுத்தது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் ஆரம்பித்தால் மணி அடித்த பிறகும் நிறுத்தமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய கார்ட்டூன் வந்தது. 'ஏக் அநேக் அவுர் ஏக்தா'. தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பெயர் மறந்திருந்தாலும் படம் ஞாபகம் இருக்கும். வலையில் சிக்கிய குருவிகள் எல்லாம் சேர்ந்து வலையோடு பறந்து போகுமே, அதுதான். அனுப்பியவர் எங்கள் குடும்பத்துப் பெரியவர். கீழே, 'ஒற்றுமையே பலம். இந்தக் காலக் கார்ட்டூன்களில் இதெல்லாம் உண்டா?' என்று எழுதியிருந்தார். வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள் வந்து விழுந்தன.

அதற்கு முந்தின நாள்தான், எனக்குத் தங்கை முறையாகும் ஒருத்தி, முத்தியால்பேட்டை வீட்டில் தன் பங்கு என்ன ஆயிற்று என்று அதே குழுவில் கேட்டிருந்தாள். அதற்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. இந்தக் கார்ட்டூன்தான் பதில்!

ஒரு நல்ல படத்தை எடுத்து ஒருத்தியின் வாயில் துணி அடைப்பது போல அடைப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் படத்தின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 1974இல் பிலிம்ஸ் டிவிஷன் வெளியிட்டது. தியேட்டரில் படத்துக்கு முன்னால் கட்டாயம் ஓடுமே நியூஸ் ரீல், அதை எடுத்துக்கொண்டிருந்த அதே அரசு நிறுவனம்தான். இயக்கியவர் விஜயா முலே என்ற அம்மையார், கல்விக்காகவே வாழ்ந்தவர், 2019இல் மறைந்தார். படங்களுக்கு உயிர் கொடுத்தவர் பீம்சேன். இசை வசந்த் தேசாய். பாடிய சிறுமி, பிற்காலத்தில் அலைபாயுதே படத்தில் 'சிநேகிதனே' பாடிய சாதனா சர்கம். சிறந்த கல்விப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. மொத்தம் ஏழு நிமிடம்தான்.

அந்த ஏழு நிமிடத்தில் என் மனதைக் கொள்ளைகொண்டது குருவிகள் இல்லை. அதற்கு முன்னால் வரும் ஓர் இடம். தம்பி அக்காவிடம் 'அநேகம்' என்றால் என்ன என்று கேட்கிறான். சூரியன் ஒன்று, நிலா ஒன்று, நட்சத்திரங்கள் அநேகம் என்கிறாள் அக்கா. உடனே அவன், நட்சத்திரத்துக்குத்தான் அநேகம் என்று இன்னொரு பெயர் போலிருக்கிறது என்று நினைத்துவிடுகிறான்! அக்கா திட்டவில்லை, தலையில் குட்டவில்லை. இல்லை, இப்போது பார் என்று அணிலைக் காட்டுகிறாள். ஓர் அணில், இரண்டு, அப்புறம் நிறைய. அடுத்தது பட்டாம்பூச்சி. அப்போதுதான் அவனுக்குப் பிடிபடுகிறது.

ஆசிரியர் பயிற்சியில் நான் இரண்டு வருஷம் படித்ததை இந்த ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறது. ஒரே ஓர் உதாரணம் கொடுத்தால் பிள்ளை அந்த உதாரணத்தைத்தான் கற்றுக்கொள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வளையலைக் காட்டி வட்டம் சொல்லிக்கொடுத்தேன். சுவர்க் கடிகாரம் வட்டமா என்று கேட்டால், 'இல்ல டீச்சர், அதுக்குள்ள கை போகாதே' என்றான் ஒருவன். தப்பு அவன் மேல் இல்லை. பிள்ளை எங்கே தவறாகப் புரிந்துகொள்ளும் என்று முன்கூட்டியே தெரிந்து, அந்தத் தவற்றையும் படத்துக்குள்ளேயே வைத்தார்கள் பாருங்கள், அது பெரிய வாத்தியார் வேலை. டாம் அண்ட் ஜெர்ரியின் ஓட்டமும் துள்ளலும் இதில் கிடையாது. கையும் காலும் அசைவதே கொஞ்சம்தான். ஆனாலும் பிள்ளைகள் கண்ணெடுக்காமல் பார்ப்பார்கள்.

இனி குறை.

குருவிக் கதை பஞ்சதந்திரத்தில் வருவது. அங்கே அவை புறாக்கள், அரசன் சித்திரக்கிரீவன். வலையோடு பறந்து நண்பனான இரணியகன் என்ற எலியிடம் போகின்றன. படத்திலும் எலிகள் வந்து வலையை அறுக்கின்றன, குருவிகள் விடுதலையாகிப் பறக்கின்றன, உடனே நாட்டு ஒற்றுமைப் பாட்டு. நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மூன்றாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லி முடித்தேன். வைத்திக்குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண் பிள்ளை எழுந்து நின்றாள். அப்பா கடலுக்குப் போகிறவர். 'டீச்சர், வலைய கண்ணி கண்ணியாத்தான் அறுக்க முடியும். எல்லாரும் ஒண்ணா வெளிய வர முடியாது. எலி முதல்ல யாரை விட்டுச்சு?' என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு, சாயந்திரம் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போய்ப் பஞ்சதந்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பதில் அங்கே இருக்கிறது! எலி நண்பனைத்தான் முதலில் விடுவிக்க வருகிறது. சித்திரக்கிரீவன் தடுக்கிறான். என்னை நம்பி வந்தவர்களின் கட்டை முதலில் அறு, என்னுடையது கடைசியில் ஆகட்டும் என்கிறான். என் பல் அதுவரை தாங்குமோ என்னவோ என்று எலி சொல்லியும் அவன் கேட்கவில்லை. பிறகுதான் எலி மனம் மகிழ்ந்து எல்லோரையும் விடுவிக்கிறது.

கதையின் உயிரே இந்த இடம்தான் என்பேன். சேர்ந்து பறப்போம் என்று சொல்கிறவன் கடைசியாக விடுபட ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த உறுதி இருந்ததால்தான் மற்றவை அவன் பேச்சைக் கேட்டுப் பறந்தன. படத்தில் அரசன் இல்லை, புத்திசாலிக் குருவி ஒன்று யோசனை சொல்கிறது, அவ்வளவுதான். குடியரசு நாட்டுப் பிள்ளைகளுக்கு ராஜா எதற்கு என்று விட்டிருக்கலாம், அதில் நியாயம் உண்டு. ராஜாவோடு சேர்த்து ராஜாவின் கடமையையும் விட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பது, சிறியவர்களே சேர்ந்து பறங்கள் என்ற பாதி மட்டும். அந்தப் பாதியைத்தான் குடும்பத் தலைவரும் சரி, நாட்டுத் தலைவரும் சரி, விரும்பிக் கையில் எடுக்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. மொழிகள் பல, நாம் ஒன்று என்று முடியும் பாட்டை எங்கள் வீட்டு டிவியில் நான் கேட்டது இந்தியில் மட்டும். காரைக்காலும் மாஹேயும் ஏனாமும் சேர்ந்த நம் மாநிலத்தில் தமிழும் மலையாளமும் தெலுங்கும் உண்டு, பழைய வீடுகளில் பிரெஞ்சும் உண்டு. 1979 ஜனவரியில், பக்கத்து மாநிலங்களோடு நம்மை இணைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது இந்த ஊர் எப்படிக் கொதித்தது என்று என் வயதுக்காரர்களைக் கேளுங்கள். நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். அக்கம்பக்கத்து மாநிலத்துக்காரர்கள் மேல் யாருக்கும் விரோதம் இல்லை. எங்களைக் கேட்காமல் எப்படி என்பதுதான் கோபம்.

'ஒரு பிள்ளைகள் படத்தில் இவ்வளவு குறை பார்க்கலாமா டீச்சர்?' என்று கேட்பீர்கள். பார்க்கலாம். பிள்ளைகள் மனதில் நாற்பது வருஷம் தங்குகிற படம் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்தக் காலக் கார்ட்டூன் எல்லாம் குப்பை என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று: அந்தக் காலத்தில் இதே பிலிம்ஸ் டிவிஷன் படங்கள் ஓடும்போதுதான் பாதிப் பேர் முறுக்கு வாங்க வெளியே போனோம். அதையும் மறக்க வேண்டாம்.

அரியாங்குப்பத்தில் இப்போது டீச்சராக இருக்கும் என் மாணவி ஒருத்தி, இதை வகுப்பில் போடலாமா என்று கேட்டிருந்தாள். தாராளமாகப் போடு அம்மா. எலிகள் வரும் இடத்தில் நிறுத்து. யாரை முதலில் விடவேண்டும் என்று பிள்ளைகளைக் கேள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

குடும்பக் குழுவில் இருக்கும் பெரியவருக்கு: உங்கள் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை அண்ணா. நீங்கள் அனுப்பிய கதையில் சித்திரக்கிரீவன் இடத்தில் இருப்பவர் நீங்கள்தான். தங்கச்சி செவ்வாய்க்கிழமை கேட்ட கேள்வி கார்ட்டூனுக்கு மேலே அப்படியே இருக்கிறது. கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள்.