யூரிக் ஆசிட் மாத்திரை: முதல் ரெண்டு மாசம் யார் பார்த்துக்கறது?

போன வாரம் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்ல நின்னுட்டு இருந்தேன். முன்னாடி நின்ன அண்ணன் போன்ல லேப் ரிப்போர்ட்டைக் காட்டி, "யூரிக் ஆசிட் 7.8 வந்திருக்கு, ஏதாவது குடுங்க"ன்னார். வலி இருக்கா, கிட்னி எப்படின்னு ஒரு கேள்வி இல்லை. டாக்டர் சீட்டும் இல்லை. அலோபூரினால் 300 ஒரு அட்டை கைக்கு வந்துடுச்சு.

முதல்லயே சொல்லிடறேன், அலோபூரினால் கெட்ட மருந்து கிடையாது. 1960கள்ல இருந்து கௌட் நோயாளிகளைக் காப்பாத்திட்டு வருது. அதைக் கண்டுபிடிச்ச எலியன், ஹிட்சிங்ஸ் ரெண்டு பேரும் 1988ல் நோபல் பரிசு பெற்றவங்க. வருஷக்கணக்கா சாப்பிடறவங்க இந்தப் பதிவைப் பார்த்துட்டு பயந்து நிறுத்த வேணாம்.

பிரச்சினை புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு. மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் ரெண்டு மாசத்துக்குள்ள, உடம்போட எதிர்ப்பு சக்தியே தோலைத் தாக்க ஆரம்பிக்கும். முதல்ல காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு. வைரல் ஃபீவர்னு நினைச்சு பாராசிட்டமாலோட மாத்திரையையும் தொடருவோம். அப்புறம் வாய்ப்புண், சிவப்புத் திட்டுகள், கொப்புளம். கடைசியில தீக்காயம் பட்ட மாதிரி தோல் உரியும். இதுக்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம்னு பேர். இதுல தீவிர வகை 'டென்'. அது வந்தா சுமார் 30 சதவீதம் பேர் இறந்துடறாங்க.

'டென்' பத்தி நாடு பேசினது ஒரு வழக்கால. 1998ல் கொல்கத்தாவில் சிகிச்சை பெற்ற அனுராதா சாஹா அந்த நோயிலதான் இறந்தார். அவருக்கு வந்ததுக்கு அலோபூரினால் காரணம் இல்லை. ஆனா சிகிச்சையில நடந்த தவறுக்காக அவர் கணவர் 15 வருஷம் போராடி, 2013ல் உச்ச நீதிமன்றத்தில் கிட்டத்தட்ட 6 கோடி ரூபாய் இழப்பீடும் அதுக்கு வட்டியும் பெற்றார். பெரிய மருத்துவமனையே தடுமாறின நோய் இது. வராம தடுக்கறதுதான் நம்ம கையில இருக்கு.

தைவான் அதைச் செஞ்சு காட்டிடுச்சு. 2005ல் அங்க அலோபூரினாலால் பாதிக்கப்பட்ட 51 பேரைச் சோதிச்சாங்க. அத்தனை பேர்கிட்டயும் எச்எல்ஏ-பி 58:01ங்கற மரபணு வகை இருந்துச்சு. அப்புறம் சுமார் 2,900 பேருக்கு மாத்திரைக்கு முன்னாடியே சோதனை. இருந்தவங்களுக்கு வேற மருந்து. ஒருத்தருக்குக்கூட தோல் உரியலை. அமெரிக்க வாத நோய் மருத்துவர்களோட 2020 வழிகாட்டி ஹான் சீனர், கொரியர், தாய்லாந்துக்காரர், ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு இந்தச் சோதனையைச் சொல்லுது. நம்ம பேர் அந்தப் பட்டியல்ல இல்லை. நம்ம ஆட்களைச் சோதிச்சுக் கணக்கெடுக்க வேண்டியது நம்ம மருத்துவப் பல்கலைக்கழகமும் அரசும்தானே?

சோதனை வர்ற வரைக்கும் காசே இல்லாத வழி ஒண்ணு இருக்கு. ஆரம்பிக்கும்போதே 300 வேணாம். 100 மி.கி. அல்லது அதுக்கும் கீழ. கிட்னி பிரச்சினை இருந்தா இன்னும் குறைவா. கிட்னி மெதுவா வேலை செஞ்சா மருந்தோட கழிவு உடம்பிலேயே தங்கிடும், ஆபத்தும் கூடும். வலியே இல்லாம ரிப்போர்ட்ல எண் மட்டும் கூடியிருந்தா, பெரும்பாலானவங்களுக்கு மாத்திரையே தேவையில்லைன்னு அதே வழிகாட்டி சொல்லுது. குரோம்பேட்டையில இருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் 'ஃபுல் பாடி செக்கப்' ஆஃபர் போர்டு தொங்குது. அந்த ரிப்போர்ட்டை நேரா மெடிக்கல் ஷாப்புக்கு எடுத்துட்டுப் போறதுதான் இங்க வழக்கமாயிடுச்சு.

"இதுக்கும் அரசியலா"ன்னு கமெண்ட்ல கேப்பீங்க. ஆமா, அரசியல்தான். அலோபூரினால் 'ஷெட்யூல் எச்' மருந்து, சீட்டு இல்லாம விக்கவே கூடாது. மெடிக்கல் ஷாப்புக்கு லைசென்ஸ் தர்றதும் சோதனை போடறதும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. பக்கவிளைவுகளைக் கண்காணிக்க ஒன்றிய அரசு 2010ல் ஒரு திட்டம் ஆரம்பிச்சது. நோயாளியே போன் பண்ணிப் புகார் சொல்லலாம். தாம்பரத்துல எத்தனை பேருக்கு அந்த நம்பர் தெரியும்? அரசு மருத்துவமனையிலும் முதல்வர் மருந்தகத்திலும் முதல் அட்டையோட தமிழ்ல நாலு வரி துண்டுச் சீட்டு தர எவ்வளவு செலவாகும்? நம்ம மாமன்ற உறுப்பினர்களும் எம்.எல்.ஏ.க்களும் இந்தக் கேள்வியை எழுப்பணும்.

வார்டு நிர்வாகிகளுக்கு: அந்த இலவச நம்பர் 1800-180-3024. உங்க தெரு மெடிக்கல் ஷாப்ல ஓனர்கிட்ட கேட்டு ஒட்டுங்க. வீட்ல யாராவது புதுசா ஆரம்பிச்சிருந்தா, ஆரம்பிச்ச தேதியை அட்டை பின்னாடி பேனாவால எழுதி வைங்க. காய்ச்சலோட தோல்ல திட்டு வந்தா அடுத்த மாத்திரையைப் போடாம, அந்த அட்டையோட அன்னைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்க.

#முதல்_அட்டையோட_எச்சரிக்கை #தாம்பரம்