எப்போது ஒழுகுகிறது?

வள்ளத்தில் பெட்ரோல் குறைந்தால் கடற்கரையில் முதலில் சந்தேகப்படுவது மனிதர்களைத்தான். டியூபை உள்ளே விட்டு வாயால் உறிஞ்சி கேனில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்லவும் முடியாது. தொண்டிப் பக்கம் ஃபைபர் வள்ளம் வைத்திருக்கும் என் மைத்துனரும் அப்படித்தான் ஆரம்பித்தார். இரவில் வள்ளத்திலேயே படுத்துக் காவல் இருந்தார். பெட்ரோல் குறைந்துகொண்டுதான் இருந்தது.

அவருடையது மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு மோட்டார். இத்தகைய மோட்டாரைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரையை நெருங்கும்போது மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்துவார்கள். கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் வலிக்கும். ஆகவே மண்ணெண்ணெய்க்குப் பெரிய டேங்க், பெட்ரோலுக்குச் சின்ன டேங்க். அந்தச் சின்னதில்தான் கணக்கு உதைத்தது.

திருடன் இல்லை என்று ஆனதும் பழி பாகங்கள் மேல் விழுந்தது. சின்ன டேங்கின் அடியில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் நிறநிறமாய்ப் படலம் தெரிந்ததால் டேங்கில்தான் ஓட்டை என்றார்கள். டேங்கைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒரு சொட்டும் வரவில்லை. பிறகு ஹோஸ், கிளிப், ஓ-ரிங், கையால் அமுக்கும் ரப்பர் பல்ப் என்று ஒவ்வொன்றாகப் புதிதாக வந்தன. பணம் போனதே தவிர ஒழுக்கு நிற்கவில்லை.

அந்தப் படலத்தை நம்பியதுதான் வினை. எண்ணெய்ப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெலிதாக இருந்தாலே வானவில் நிறம் காட்டிவிடும். ஒரு மில்லி எண்ணெய் மூன்று சதுர மீட்டர் தண்ணீரை மூடப் போதும். அதைப் பார்த்து அளவையும் சொல்ல முடியாது, இடத்தையும் சொல்ல முடியாது. மேலும் ஒழுகும் எதுவும் விழுந்த இடத்தில் நிற்பதில்லை; சரிவைப் பார்த்து ஓடும். பெட்ரோலோ வெயிலில் தடமே இல்லாமல் ஆவியாகிவிடும். அதில் கலந்த 2டி ஆயில் மட்டும் மெல்லிய பிசுக்காக மிஞ்சும்.

கடைசியில் வந்த மெக்கானிக் வயதானவர். கையில் ஸ்பேனர்கூட எடுக்கவில்லை. "எங்க ஒழுகுதுன்னு அப்புறம் பார்ப்போம் தம்பி. எப்ப ஒழுகுது, அதைச் சொல்லு" என்றார்.

மைத்துனர் யோசித்துச் சொன்னார்: "ஓடும்போது இல்லண்ணே. ராத்திரியும் இல்ல. மத்தியானம் வந்து பார்த்தா வாடை அடிக்கும்." மண்ணெண்ணெய் குறைகிறதா என்று மெக்கானிக் கேட்டார். இல்லை. மோட்டாரைத் தூக்கிச் சாய்த்துத்தானே வைப்பாய் என்று கேட்டார். ஆமாம்.

மறுநாள் உச்சிவெயிலில் மோட்டாரின் மூடியைக் கழற்றி, கார்பரேட்டருக்குக் கீழே முகப்பவுடரைத் தூவிவிட்டுக் காத்திருந்தோம். பக்கத்தில் யாரையும் பீடி பற்றவைக்க விடவில்லை. கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பவுடரில் ஈரப்பொட்டு விழுந்தது. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகை மெக்கானிக் லேசாகத் திருப்பினார். உஸ்ஸென்று சீறியது.

காரணம் இதுதான். கரைக்கு வந்ததும் என் மைத்துனர் அந்தத் திருகை இறுக மூடிவிடுவார். ஆனால் ஹோஸை மோட்டாரிலிருந்து பிடுங்க மாட்டார். வெயிலில் டேங்க் சூடேறும்போது பெட்ரோல் ஆவி உள்ளே அழுத்தமாகும். வெளியேற வழியில்லாததால் பெட்ரோலை ஹோஸுக்குள் தள்ளும். ரப்பர் பல்பில் உள்ள வால்வுகள் மோட்டார் பக்கம் போவதைத் தடுப்பதில்லை. கார்பரேட்டரில் மிதவையோடு சேர்ந்த ஊசிதான் வாசலை மூட வேண்டும். அந்த அழுத்தத்தை அது தாங்காது. மோட்டார் சாய்ந்திருந்தால் மிதவையும் சரியாக உட்காராது. வழிந்த பெட்ரோல், வள்ளத்துக்குள் சாய்ந்திருக்கும் மோட்டார் தலையிலிருந்து சொட்டி, சரிவில் ஓடி டேங்கின் அடியில் போய்ச் சேரும். மண்ணெண்ணெய் அவ்வளவாக ஆவியாகாது. அதனால் அது ஒழுகவில்லை. உடைந்த பாகம் என்று ஒன்றுமே இல்லை.

காய்ச்சல்காரரிடம் மருத்துவர் "எந்த நேரத்தில் குளிர் வருகிறது" என்று கேட்பது போன்ற கேள்விதான் அந்தப் பெரியவர் கேட்டது. எந்தப் படகுக்கும் அது பொருந்தும். டேங்கை முழுக்க நிரப்பிய அன்று மட்டும் ஒழுகினால் மேல்பக்கத்து வாஷரையும் நிரப்பு குழாயையும் பாருங்கள். பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு விரியும். விளிம்புவரை ஊற்றியது வழியத்தான் செய்யும். பல்பை அமுக்கும்போது மட்டும் சொட்டினால் ஹோஸும் இணைப்புகளும். ஓடும்போது மட்டும் என்றால் பெட்ரோல் பம்பின் மெல்லிய ரப்பர்ச் சவ்வு.

பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் இதில் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. வள்ளத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். அதனால் ஒழுக்கைத் தேடுகிறவர் முதலில் வள்ளத்தில் காற்றோட விட வேண்டும். தீக்குச்சி வெளிச்சத்தில் தேடுவதைப் போன்ற மடத்தனம் வேறில்லை.

நிறுத்தியதும் ஹோஸைக் கழற்று என்பது மோட்டாரோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. என் கண்ணில் பட்ட கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில். மோட்டாருக்கு மானியம் கொடுக்கிற அரசும், விற்கிற கடைகளும் இந்த ஒரு வரியைத் தமிழில் அச்சடித்து மூடிக்கு உள்பக்கம் ஒட்டிக் கொடுக்கலாம். ஒரு ஸ்டிக்கர் எவ்வளவு ஆகிவிடும்? என் மைத்துனர் மாற்றிய ஹோஸின் ஒரு சாண் விலைகூட வராது.