அரிவாளின் வாயும் அப்பனின் தொழிலும்

கத்தி செய்வது இப்போது பெரிய இடத்துச் சங்கதியாகிவிட்டது. நன்றாகப் படித்தவர்கள் வேலையை விட்டுவிட்டு உலை போடுகிறார்கள். வெப்பம் காட்டும் மின்சார உலை, ரகம் தெரிந்த எஃகு. இரண்டு வகை எஃகை அடுக்கி அடித்து, தீட்டி, அமிலத்தில் நனைத்தால் அலை அலையாகக் கோடு எழும்புகிறது. அதற்குப் பேர் டமாஸ்கஸ். விலை ஆயிரக்கணக்கில். செய்தவர் கலைஞர்.

சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிப்பவருக்கு இந்தப் பட்டம் கிடையாது. அவருக்குக் கிடைப்பது பழைய லாரிப் பட்டை. ராயப்பேட்டைக்குப் பக்கத்தில் புதுப்பேட்டையில் வண்டிகளைப் பிரித்துப் போடுகிறார்களே, அந்தப் பட்டைதான். காய்ச்சி, அடித்து, வளைத்து, நெருப்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்துத் தண்ணீரில் தோய்க்கிறார். நிறம் ஏறிப்போனால் வாய் தெறிக்கும், குறைந்தால் மடங்கும். மின்சார உலையில் இந்தத் தப்பு குறைவுதான், ஒத்துக்கொள்வோம். ஆனால் கண் செய்கிற வேலையைத்தான் அந்தக் கருவியும் செய்கிறது.

2021 செப்டம்பரில் காவல்துறை ஒரு உத்தரவு போட்டது. பட்டறைக்காரர் வாங்குகிறவன் பேர், விலாசம் எழுதி வைக்கணும், கேமரா மாட்டணும். அரிவாள் யார் கழுத்தில் விழுகிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். வெட்டச் சொன்னது ஜாதி. கேமரா உலைக்களத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

'எங்க பாட்டன் உருக்கு' என்று மேடையில் முழங்குபவர்களுக்கும் ஒன்று சொல்லணும். சேலம், மைசூர் பக்கத்து மண் மூசைகளில் உருக்கிய எஃகைப் பற்றி 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். 1819 வாக்கில் ஃபாரடேயும் கத்தி செய்யும் ஸ்டோடார்ட்டும் அதைப்போலச் செய்து பார்க்க உட்கார்ந்தார்கள். இவங்க பேரெல்லாம் இருக்கு. மூசை முன்னால் வெந்தவன் பேர் எங்கேயும் இல்லை. அவன் பெருமையில் பங்கு கேட்பவர்கள் அவன் வேலையில் பங்கு கேட்டதில்லை.

அப்படியானால் தொழிலைக் காப்பாற்றலாமே என்கிறார்கள். 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது: 18 தொழில், கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் கடன். வங்கியில் எழுதிப் பிழைக்கிற எனக்கு 5 சதவீதம் என்றால் என்னவென்று தெரியும், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 'குடும்பத் தொழில்' என்று ஒரு வார்த்தை உள்ளே உட்கார்ந்திருக்கிறது. 18 வயசிலேயே சேரலாமாம். கல்லூரிக்குப் போகிற வயசில் அப்பன் பட்டறையைக் காட்டுகிறார்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்து, 1954இல் கைவிடப்பட்ட குலக்கல்வியின் வாசனை அடிக்கவில்லையா தோழர்களே?

2024 நவம்பரில் தமிழக அரசு இதை ஏற்க மறுத்தது. 2025இல் தன் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை, வயது 35க்கு மேல், கடன் 3 லட்சம் வரை. நல்லது. ஆனால் சேரிப் பையன் ஒருவன் அந்தக் கடனில் உலை போட நினைத்தால் தோய்ச்சலை யாரிடம் கற்றுக்கொள்வான்?

மின்சார உலைக்காரர் விரும்பி வந்தவர், அலுத்தால் போய்விடுவார். பட்டறைக்காரர் மகனுக்கும் அந்தச் சுதந்திரம் வேணும், சேரிப் பையனுக்கு உள்ளே வரும் சுதந்திரம் வேணும். ஐ.டி.ஐ.யில் அரிவாள் வேலையைப் பாடமாக வைக்கட்டும். திருப்பாச்சேத்திக்காரரை அரசுச் சம்பளத்தில் வாத்தியாராக உட்கார வைக்கட்டும், இடஒதுக்கீட்டோடு பிள்ளைகளைச் சேர்க்கட்டும்.