ஸ்லீப் லேபுக்குப் போகலாமா?

கொரோனா வரும்வரை ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்றொரு ஆள் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. வென்டிலேட்டர் பக்கத்தில் நிற்பவரையும் நர்ஸ் என்றே நினைத்துக்கொண்டோம். என் அக்கா மகள் அந்தப் படிப்பு படித்தவள். ஐசியுவில் சில வருஷம் ஓட்டிவிட்டு, இப்போது ஸ்லீப் லேபுக்கு மாறலாமா என்று கேட்கிறாள். அக்காவின் கவலை வேறு: "அங்கயும் நைட் டியூட்டிதானேடா?"

நைட் டியூட்டிதான். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று சோதிக்க வருபவருக்கு ராத்திரி தலை, கண்ணோரம், முகவாய், கால் என்று ஒயர் ஒயராக ஒட்ட வேண்டும். எண்ணெய்த் தலையில் எலக்ட்ரோடு நிற்காது. "எண்ணெய் வைக்காம வாங்க" என்று போனிலேயே சொல்லியிருந்தாலும், படிய வாரிக்கொண்டு வந்து நிற்பார்கள். துடைத்து ஒட்டி, மார்பிலும் வயிற்றிலும் பெல்ட் கட்டி, விடியும்வரை திரையைப் பார்த்திருக்க வேண்டும். பத்து விநாடியாவது மூச்சு நின்றால் அது அப்னியா. மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்ந்து மணிக்கு 30 தடவையைத் தொட்டால் நோய் தீவிரம். முழு இரவையும் 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்துப் படிப்பதுதான் ஸ்கோரிங். அதற்கு ஆர்.பி.எஸ்.ஜி.டி. என்ற சர்வதேசத் தேர்வு உண்டு; எழுதித் தேறினால் மதிப்பு.

ஆனால் ஸ்கோரிங்கை எந்த டெக்னீஷியனும் கற்றுக்கொள்ளலாம். ஐசியு அனுபவத்துக்கு வேலை அதற்குப் பிறகுதான். சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து உருவாக்கி, 1981இல் உலகுக்குச் சொன்ன, மாஸ்க் வழியே காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் மெஷின் இன்று கையடக்கமாகிவிட்டது. வாங்குகிறவர்தான் மாட்டிக்கொள்வதில்லை. மீசைக்கு மேல் மாஸ்க் உட்காராமல் காற்று கண்ணுக்குள் சீறும், தொண்டை வறளும், சில நாளில் மெஷின் பீரோ மேல் ஏறிவிடும். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில் முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து 30 நாளில் 70 சதவீத இரவுகளாவது நான்கு மணி நேரம் போட்டதாகக் கணக்குக் காட்ட வேண்டும். கைக்காசு போட்டு வாங்குகிற நம்மூரில் யாரும் கேட்பதில்லை.

அந்த மீசைக்கேற்ற மாஸ்க்கைத் தேடிக் கொடுப்பதும், உடல் பருத்து, காலையில் தலைவலியோடு எழுகிறவரின் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்குமோ, இவருக்கு சிபாப் போதாது, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் வெவ்வேறு அழுத்தம் தரும் பைபாப் வேண்டுமோ என்று சந்தேகப்பட்டு டாக்டரிடம் சொல்வதும் ரத்த வாயுக்களைக் காட்டும் ஏபிஜி ரிப்போர்ட்டுகளோடு பழகிய கைக்குத்தான் வரும். அது பகல் வேலை, வளர்ச்சியும் அங்கேதான்.

ஆகவே மகளே, தேர்வை எழுது. இன்டர்வியூவில் சம்பளத்துக்கு முன்னால் ஒரு கேள்வி கேள்: "மெஷின் வாங்கிட்டுப் போனவங்களை அப்புறம் யார் பார்க்கறாங்க?" "கம்பெனிக்காரர் பார்த்துக்குவார்" என்று பதில் வந்தால், ஐசியுவிலேயே இரு.