சிறைக் கதவைத் திறந்த காக்கிச் சட்டை!

காக்கிச் சட்டை என்றதும் நம் இளைஞர்களின் நினைவுக்கு வருவது என்ன? நள்ளிரவில் தட்டப்படும் கதவு. 'சும்மா, விசாரணைக்குத்தான்' என்ற ஒற்றை வார்த்தை. அந்தச் 'சும்மா' மாதங்களாகி, வருடங்களாகி நீண்டுபோன கதைகள். ஆகவே ஒரு போலீஸ் உயர் அதிகாரியைப் பற்றி நான்கு நல்ல வார்த்தைகளை எழுதினால், 'இவர்களுக்கு என்ன ஆயிற்று?' என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்கட்டும். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லட்டும்.

அந்த அதிகாரியின் பெயர் கே.எப். ருஸ்தம்ஜி. 1916ல் நாக்பூர் அருகே உள்ள காம்ப்டியில் பிறந்தவர். சிறுபான்மையினரிலும் சிறுபான்மையினரான பார்சி சமூகத்தைச் சேர்ந்தவர். 1938ல் வெள்ளையர் ஆட்சியில் போலீஸ் அதிகாரியாகப் பணியில் சேர்ந்தார். நாடு விடுதலை பெற்ற பின், 1952 முதல் 1958 வரை பிரதமர் நேருவின் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி. அதன்பின் 1965 வரை மத்தியப் பிரதேசப் போலீசின் தலைவர். 'ஷோலே' படத்தில் வரும் கப்பர் சிங்கை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரில் சம்பல் பகுதியில் உண்மையிலேயே ஒரு கொள்ளைக்காரன் இருந்தான். 1959ல் அவன் சுட்டுக் கொல்லப்பட்டது ருஸ்தம்ஜி அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தபோதுதான்.

1965 டிசம்பரில் எல்லைப் பாதுகாப்புப் படை உருவானது. அதன் முதல் தலைவர் இவரே. 1974 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1971 வங்கதேசப் போரின்போது முக்தி வாஹினிக்குத் துணை நின்றது அந்தப் படை. கடல்வழிக் கடத்தலைத் தடுக்கத் தனிப்படை வேண்டும் என்று பரிந்துரைத்த குழுவுக்கும் இவரே தலைவர். இன்று நம் மீனவர்களும் கடல் வணிகர்களும் காணும் கடலோரக் காவல்படை அந்தப் பரிந்துரையின் விளைவு. 1991ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2003ல் மறைந்தார்.

பதவிகளும் பட்டங்களும் இருக்கட்டும். எத்தனையோ அதிகாரிகள் வந்தார்கள், பதக்கம் வாங்கினார்கள், போனார்கள். ருஸ்தம்ஜியைப் பற்றி நாம் எழுதுவதற்குக் காரணம் அவர் துப்பாக்கி ஏந்திச் செய்த வேலை அல்ல. பேனா ஏந்திச் செய்த ஒரு வேலை!

நெருக்கடி நிலை முடிந்து, 1977ல் தேசியப் போலீஸ் ஆணையம் அமைக்கப்பட்டது. தரம் வீரா அதன் தலைவர். ருஸ்தம்ஜி ஓர் உறுப்பினர். அந்தப் பணிக்காகப் பீகார் சிறைகளுக்குள் போனவர், அங்கே கண்ட காட்சியில் அதிர்ந்துபோனார். தண்டனை பெற்றவர்கள் அல்ல, வழக்கு விசாரணையே தொடங்காதவர்கள் கூட்டம் கூட்டமாக அடைபட்டிருந்தார்கள். ஐந்து வருடம், ஏழு வருடம், ஒன்பது வருடம். சிலர் பத்து வருடங்களுக்கும் மேல்! குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால்கூட அதற்குள் தண்டனை முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஜாமீன் கட்டப் பணமில்லை, வக்கீல் வைக்க வசதியில்லை என்பதற்காகவே உள்ளே கிடந்தார்கள். இன்னும் கொடுமை, எந்தக் குற்றமும் சாட்டப்படாத பெண்கள்! பாதிக்கப்பட்டவர்கள் என்பதற்காகவோ சாட்சிகள் என்பதற்காகவோ, 'பாதுகாப்புக் காவல்' என்ற பெயரில் சிறையில் பூட்டப்பட்டிருந்தார்கள்.

நாற்பது வருடம் காக்கியோடு வாழ்ந்தவர், 'இது நம் துறை விவகாரம், வெளியே தெரிய வேண்டாம்' என்று மூடி மறைக்கவில்லை. 1979 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளேட்டில் கட்டுரையாக எழுதிவிட்டார். அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். கைதியோ அவருடைய உறவினரோதான் மனுப் போட முடியும் என்றிருந்த காலம் அது. முன்பின் அறியாத ஏழைகளுக்காக ஒரு வழக்கறிஞர் போய் நின்றார், நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் பொதுநல வழக்கின் தொடக்கம் இதுவே என்பார்கள்.

அந்த வழக்கின் பெயர் என்ன தெரியுமா? ஹுஸைனாரா காத்தூன் எதிர் பீகார் மாநில உள்துறைச் செயலாளர்! சட்டக் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் படித்தே தீர வேண்டிய வழக்கு, சிறையில் கிடந்த ஓர் ஏழை முஸ்லிம் பெண்ணின் பெயரால் நிற்கிறது. நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, விரைவான விசாரணை என்பது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையிலேயே அடங்கியது என்று தீர்ப்பளித்தது. ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் தரவேண்டும் என்றது. பணம் கட்டாமல் சொந்தப் பிணையில் விடலாம் என்றது. இந்த வழக்கின் விளைவாக நாடெங்கும் சுமார் 40,000 விசாரணைக் கைதிகள் வெளியே வந்ததாகச் சொல்லப்படுகிறது.

பார்சி அதிகாரி எழுதினார். இந்து வழக்கறிஞர் வாதாடினார். முஸ்லிம் பெண்ணின் பெயரால் தீர்ப்பு வந்தது. எல்லாச் சமூகத்து ஏழைகளுக்கும் கதவு திறந்தது. நம்மைப் பிரித்தாளத் துடிப்பவர்கள் இந்த வரலாற்றைச் சொல்வார்களா?

ஆணையம் அதோடு நிற்கவில்லை. கைதுகளில் ஏறக்குறைய 60 சதவீதம் தேவையற்றவை அல்லது நியாயமற்றவை என்று தன் மூன்றாவது அறிக்கையில் எழுதியது. சொன்னது எதிர்க்கட்சி மேடை அல்ல. அரசு அமைத்த ஆணையம்! அதையே எடுத்துக்காட்டி, 1994ல் ஜோகிந்தர் குமார் வழக்கில், கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு, கைது செய்ய நியாயம் இருப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. வகுப்புக் கலவரங்களை அடக்கப்போன காவலர்கள் ஒரு குறிப்பிட்ட சமூகத்தின்மீது பாரபட்சம் காட்டிய நிகழ்வுகள் உண்டு என்பதையும் ஆணையத்தின் ஆறாவது அறிக்கை ஒப்புக்கொண்டது. நாம் சொன்னால் 'புலம்பல்' என்பார்கள். அவர்களே எழுதியதற்கு என்ன பெயர்?

ஆணையம் 1979 முதல் 1981 வரை எட்டு அறிக்கைகள் தந்தது. அரசுகள் அவற்றைப் பரணில் போட்டன. பிரகாஷ் சிங் என்ற ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி 1996ல் வழக்குப் போட்டு, 2006ல்தான் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. போலீசை ஆளுங்கட்சியின் ஏவலாளாக வைத்திருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அதையும் பல மாநிலங்கள் தமக்கு வசதியாக வளைத்துக்கொண்டன.

இங்கே ஒரு கேள்வி எழும். ருஸ்தம்ஜி உருவாக்கிய படைதானே 1993ல் சோப்பூரிலும் பிஜ்பெஹாராவிலும் பொதுமக்களைச் சுட்டது? 2011ல் வங்கதேச எல்லையில் ஃபெலானி என்ற சிறுமியைச் சுட்டதும் அதே படைதானே? ஆம். மறைக்கத் தேவையில்லை. அவர் விலகிப் பல வருடங்களுக்குப் பின் நடந்தவை அவை. ஆனால் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நல்ல மனிதர் ஒருவர் தலைமையில் இருந்தார் என்பதால் ஒரு படை என்றென்றும் நல்லதாகிவிடாது. மனிதர் போய்விடுவார்; சட்டமும் கண்காணிப்பும் கேள்வி கேட்கும் மக்களும்தான் நிற்க வேண்டும். ஆணைய உறுப்பினராக ருஸ்தம்ஜி கையெழுத்திட்ட அறிக்கைகளும் இதையேதான் சொல்லின.

இன்றைய நிலை என்ன? 2022ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி நாட்டின் சிறைவாசிகளில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள்! ஹுஸைனாரா காத்தூனின் சிறை இன்னும் இடிக்கப்படவில்லை. அதில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மக்கள் தொகையில் நமக்குள்ள பங்கைவிடச் சிறையில் நமக்குள்ள பங்கு கூடுதல்.

இளைஞர்களே! ஆவேசமாகக் கோஷம் போடுவது சுலபம். சட்டத்தைத் தெரிந்து வைத்திருப்பது கடினம். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479வது பிரிவின்படி, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் பிணையில் விடப்பட வேண்டும். மற்றவர் பாதியைக் கழித்திருந்தால். அதற்கு மனுப்போட வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கே உண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. இந்த ஓட்டையையும் தெரிந்துகொள்ளுங்கள். நாள் கணக்கை யார் வைப்பது? சிறை அதிகாரி மறந்தால் நாம் நினைவூட்ட வேண்டாமா?

வணிகப் பெருமக்களே! ஜாமீன் உத்தரவு கிடைத்தும், ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வரி ரசீதோடு நீதிமன்றத்துக்கு வந்து கையெழுத்துப் போட ஆள் இல்லை. கல்யாண விருந்துக்கு ஆயிரம் பேரைக் கூட்டுகிறோம். இதற்கு இரண்டு பேர் கிடைக்கவில்லையா? ஒவ்வோர் ஊர் ஜமாஅத்திலும் ஒரு வக்கீல், ஒரு பதிவேடு, நான்கு ஜாமீன்தாரர்கள் இருந்தால் போதும். நம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அதே சிறையில் கிடக்கும் தலித் சகோதரனுக்கும் பழங்குடிச் சகோதரிக்கும் அந்தக் கை நீள வேண்டும்.

படித்த பிள்ளைகளைக் காக்கிச் சட்டை போடவும் அனுப்புங்கள். எண்ணிக்கையில் விரல்விட்டு எண்ணத்தக்க பார்சி சமூகத்திலிருந்து ஒரு ருஸ்தம்ஜி வந்தார். நம்மிலிருந்தும் வரட்டும். வருபவர் தன் சமூகத்துக்குச் சலுகை காட்ட வேண்டாம். பூட்டிய கதவுக்குப் பின்னால் அநீதி கண்டால், தன் துறையே ஆனாலும் அதை வெளியே சொல்லும் நெஞ்சுரம் அவருக்கு இருந்தால் போதும்!