கல்லும் சொல்லும்

மோதிரத்தில் பதித்த வண்ணக் கல்லை வியக்கிறோம். அதனைத் தீட்டிய கையை நினைக்கிறோமா?

நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், அரபியர் 'அகீக்' என்றழைக்கும் அகேட், சூதுபவளம் முதலிய கல்மணிகள், தீட்டியும் தீட்டாமலும், துளையிட்டும் இடாமலும் கிடைத்தன. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர். இலக்கியம் ஊர்ப்பெயரைக் காத்தது. மணி செய்தோரின் தொழிற்சொற்கள் நமக்குக் கிட்டவில்லை.

நம் திருச்சிராப்பள்ளியிலும் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுதல் குடிசைத் தொழிலாய்ச் செழித்து, பின்னர் நலிந்தது. அதன் சொற்களும் மறைய வேண்டுமா? மாணவ நண்பர்களே! பாலக்கரையிலோ சுற்றுப்புறத்திலோ முதிய தொழிலாளரைக் கண்டால், அவர்தம் சொற்களைக் கேட்டெழுதுங்கள். கல்லைச் சேர்ப்போர் பலர். சொல்லைச் சேர்ப்பது தமிழ் பயில்வோர் கடனன்றோ!